மகுடம் கிடைக்காத சேந்தன் அமுதன்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பர் 30இலும் 2023 ஏப்ரல் 28இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாவலைப் படித்தவர்கள் படம் பார்த்துவிட்டுச் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான்: “எவ்வளவத்தை விட்டிட்டாங்கள்!” கல்கியின் ஐந்து பாகங்களை ஐந்தரை மணித்தியாலத்துக்குள் அடக்குபவர் விடத்தான் வேண்டும். அதற்காக யாரையும் குறைசொல்ல மாட்டேன். எதை விட்டார் என்பதில்தான் என் மனத்தாங்கல்.

இந்த நாவலைக் கொழும்பு வாசித்த விதமே தனி. 1950 ஒக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு கட்டிவைத்த தொகுப்புகள் வீடு வீடாக இரவல் போயின. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது அவற்றின் மதிப்பு இன்னும் ஏறியது. 1999இல் தமிழக அரசு கல்கியின் எழுத்தை நாட்டுடைமையாக்கியது. அதன்பின் மலிவுப் பதிப்புகள் செட்டியார் தெருப் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக வந்திறங்கின. தாயிடமிருந்து மகளுக்குப் போன கதை இது. நாயகன் வந்தியத்தேவனின் முகம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று. படத்தில் அவனாக நடித்த கார்த்தி அந்த வாய்த்துடுக்கைப் பிடித்துக்கொண்டார் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

நாவலிலிருந்து விலகிய படமெல்லாம் தோற்ற படமல்ல. ‘முள்ளும் மலரும்’ (1978) எடுத்த மகேந்திரன், உமாசந்திரனின் நாவலிலிருந்து வெகுதூரம் போனார். ஆனால் அண்ணன் தங்கைப் பாசத்தின் முரட்டுத்தனத்தை விடவில்லை. கொத்தமங்கலம் சுப்புவின் நீண்ட ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலை ஏ.பி. நாகராஜன் 1968இல் ஒரே படமாகச் சுருக்கினார். நாதஸ்வரமும் சலங்கையும் மோதுகிற வீறாப்பு அப்படியே நின்றது. நம் நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’வை 1963இல் படமாக்கினார். வளவின் வீழ்ச்சியை அவசரமில்லாமல் பார்க்கவைத்த அந்தப் படத்துக்கு 1965இல் டில்லியில் தங்க மயில் விருது கிடைத்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் 1978இல் வந்தது. நெடுந்தீவுக் கதையைப் பேசாலையில் படம்பிடித்தபோதும் கடலும் கடற்றொழிலாளர் வாழ்வும் கதையின் நடுவிலேயே இருந்தன. வசதிகள் குறைந்த ஈழத்துத் தமிழ் சினிமா அன்று அதைச் செய்துகாட்டியது.

மூலத்தின் உயிரையே மாற்றிய தழுவலும் உண்டு. உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ மாய உலக நாவல்களில் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். 2004இல் வந்த தொலைக்காட்சி வடிவம் அவனை வெள்ளையனாக்கியது. நூலாசிரியரே வெளிப்படையாகக் கண்டித்தார். கதையைச் சுருக்குவது வேறு, அது யாருடைய கதை என்பதை மாற்றுவது வேறு.

‘பொன்னியின் செல்வ’னில் ‘சுழற்காற்று’ எங்கள் மண்ணில் நடக்கும் பாகம். கோடிக்கரையிலிருந்து ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகு, பூதத்தீவு, மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம், தொண்டைமானாறு என்று ஊர் ஊராக விரிகிறது. அநுராதபுரத்தில் சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் வந்தியத்தேவனுக்குச் சுவரோவியங்களைக் காட்டும் இடத்தை எத்தனை தடவையும் படிக்கலாம். அந்த ஓவியங்களில், தீவில் ஒரு பெண். கரடிக்கு அஞ்சி மரத்தில் ஏறிய இளைஞனை அவள் காப்பாற்றுகிறாள். சில காலம் இருவரும் மகிழ்ந்திருக்கிறார்கள். பிறகு கப்பல் வந்து அவனைக் கொண்டுபோய்விடுகிறது. வாய் பேசாத மந்தாகினி தன் வாழ்க்கையை வரைந்து வைத்திருக்கிறாள். அந்த இளைஞன் யாரென்று அவன் மகனான அருள்மொழியே கண்டுபிடிக்கிறான். கல்கி ஓர் அத்தியாயம் முழுவதும் வாளை உறையில் போட்டுவிட்டு நம்மைச் சுவரைப் பார்க்கவைக்கிறார். படத்தின் முதற்பாகத்தில் இந்த ஊமை ராணியை யானைமேல் பார்க்கிறோம், கடலுக்குள் பார்க்கிறோம். அவள் தன் கதையைச் சொல்லி நாம் கேட்பதில்லை.

பிக்குகள் ஈழத்து மகுடத்தை நீட்டுவதும் இளவரசன் மறுப்பதும் படத்தில் உண்டு. ஆனால் நாவலில் அதற்கு முன்பே, போரில் இடிந்த விகாரைகளை அவன் செப்பனிடச் செய்திருக்கிறான். மகுடம் வருவதே அந்த நன்றியில்தான். போரின் இடிபாடுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தத் திருப்பணி ஓரச் செய்தியல்ல. தாய்லாந்தில் எடுத்த காட்சிகள் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். மாதோட்டத்து வெயில் அவற்றில் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சேந்தன் அமுதனுக்கு நேர்ந்ததைப் பொறுக்க முடியவில்லை. தஞ்சையில் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டும் பிள்ளை அவன். ஊமையான வாணி அம்மையின் வளர்ப்பு. சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவனே என்று தெரியவரும்போது, அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை எடுத்து அவன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர் வந்ததே அதனால்தான். படமோ இந்தப் பிறப்பு இரகசியத்தையே எடுத்துவிட்டு, அரியணைக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே முடிசூட்டுகிறது. ஆசைப்பட்டவனுக்கு விட்டுக்கொடுப்பது சமரசம். கேட்காதவனைத் தேடிக் கொடுப்பதைத்தான் கல்கி சிகரம் என்றார். கூடவே, சேந்தனை மணந்து சோழநாட்டு அரசியாகும் பூங்குழலியும் வெறும் படகுக்காரியாகவே நின்றுவிடுகிறாள். வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை மணிமேகலையோ படத்தில் இல்லவே இல்லை. நாவலின் முடிவில் நெஞ்சைப் பிழிபவள் அவள்.

இனி யாராவது இதை நீண்ட தொடராக எடுக்கத் துணிந்தால், போர்க்களங்களைக் குறைத்து, வாணி அம்மையின் குடிசைக்கும் அந்தச் சித்திரச் சுவருக்கும் நேரம் ஒதுக்கட்டும். படப்பிடிப்புக்கு மாதோட்டத்துக்கும் அநுராதபுரத்துக்குமே வரட்டும்.