திருகாணி சொல்லித்தராத பாடம்

மண்பானை வனையும் இரண்டு கைகள். பின்னணியில் புல்லாங்குழல். கீழே, களிமண் பொறுமையைக் கற்றுத்தருவதாக ஒரு வரி. இந்த மாதிரி ரீல்ஸ் நீங்களும் நூறு பார்த்திருப்பீர்கள். குரோஷா, பேக்கிங், மாடித்தோட்டம், சைக்கிள் ரிப்பேர் என்று எதைத் தொட்டாலும் அதற்கடியில் இப்போது ஒரு தத்துவம் கிடைத்துவிடுகிறது. கைவேலை மனிதருக்கு எதையாவது உணர்த்துமா என்றால், உணர்த்தும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் எதுவரைக்கும்? இந்த வகை எழுத்துக்கு வழிபோட்ட இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது.

முதலாவது, ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஓய்கன் ஹெரிகல் 1948இல் வெளியிட்ட 'வில்வித்தையில் ஸென்'. 1924 முதல் 1929 வரை ஜப்பானின் செண்டாய் நகரில் பாடம் நடத்தியவர், அங்கே அவா கென்ஸோ என்ற ஆசானிடம் வில் பழகினார். வருஷக்கணக்கில் நாண் விடும் பயிற்சி. விடுவது 'நான்' ஆக இருக்கக்கூடாது, அதுவாக விடுபட வேண்டும். கடைசியில் ஒருநாள் ஆசான் தலைவணங்கி, இப்போது எய்தது 'அது' என்கிறார்.

யமதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர் இந்தக் கதையைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். அவா ஸென் மடம் எதிலும் பயின்றவரில்லை. ஆசானின் புதிர்ப்பேச்சைத் தோதுக்கு மாற்றிச் சொன்னதை மொழிபெயர்ப்பாளரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இருட்டில் எய்த இரண்டாவது அம்பு முதல் அம்பைப் பிளந்த அந்தப் புகழ்பெற்ற இரவில் மொழிபெயர்ப்பாளர் உடன்கூட இல்லை. 'அது எய்தது' என்பது, "ஆங், அதான், சரியா வந்துச்சு" என்ற சாதாரணப் பாராட்டாகவே இருந்திருக்கலாம் என்கிறார் யமதா.

மொழிபெயர்ப்பு பிசகியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஹெரிகல் ஜப்பானுக்குப் போகும்போதே மறைஞானத்தைத் தேடித்தான் போகிறார். வில் அவருக்கு ஒரு வாசல். வாசலைத் தாண்டிய பிறகு வாசலை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? இன்றைய ரீல்ஸ்களின் தாத்தா இந்தப் புத்தகம்தான்.

இரண்டாவது, ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்'. 121 பதிப்பகங்கள் திருப்பியனுப்பி, 1974இல் வெளியானது. தலைப்பே ஹெரிகலைச் சீண்டுகிறது. ஸென் மரபுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை, மோட்டார் சைக்கிள் பற்றியும் அவ்வளவு துல்லியமாக இருக்காது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். 11 வயது மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகும் அப்பாவின் கதை.

இதில் வண்டி வெறும் வாசல் கிடையாது. நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பியர் டின்னிலிருந்து ஒரு தகட்டை வெட்டி இடையில் சொருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. அலுமினியம், துருப்பிடிக்காது, அளவும் சரி. ஜான் ஒத்துக்கொள்வதில்லை. அவருக்குத் தெரிவது பழைய டின். இவருக்குத் தெரிவது தகடு. இரண்டு மனிதர்கள் உலகத்தைப் பார்க்கும் விதமே அந்தத் தகட்டில் பிரிந்துபோகிறது.

இன்னொரு இடம், திருகாணி. எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றும்போது ஒரு திருகாணி மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் திருகினால் தலையின் காடி சிதைந்துவிடும். இப்போது அந்த அற்பத் திருகாணியின் மதிப்பு மொத்த வண்டியின் மதிப்பு, ஏனென்றால் அது வராமல் வண்டி ஓடாது. படித்த எதுவும் உதவாத இந்த முட்டுச்சந்தில்தான் நிஜமான கவனம் பிறக்கிறது என்கிறார் பிர்சிக். பொருள் 'முடியாது' என்று சொல்கிறது. அதனிடம் வாதாட முடியாது, லைக் வாங்கவும் முடியாது.

எவ்வளவு முடுக்கலாம் என்ற 'மெக்கானிக்கின் உணர்வு' பற்றி அவர் எழுதும் பக்கங்களுக்குத் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். உருண்டு வந்தால் பதம். ஏன் என்று கேட்டால், "செஞ்சு பாரு, தெரியும்" என்பதுதான் பதில். பிர்சிக் முழுப் புத்தகத்திலும் துரத்தும் 'தரம்' இதுதான்: வரையறுக்க முடியாது, ஆனால் தவறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சரி, இங்கிருந்துதான் என் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு சமயம் கதைசொல்லி வண்டியைப் பட்டறையில் விடுகிறார். ரேடியோ அலற, பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வண்டியைக் குதறிவிடுகிறார்கள். பழுதுக்குக் காரணம் 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு சின்ன ஊசி என்று பிறகு தெரிகிறது. அவர்கள் தங்கள் வேலைக்கே வேடிக்கையாளர்கள் என்பது அவர் தீர்ப்பு. கோபம் நியாயம்தான். ஆனால் அவர்கள் மணிக்கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்த்தார்கள், எவ்வளவு கிடைத்தது? புத்தகம் கேட்கவே இல்லை. சொந்த வண்டியை நிதானமாகப் பிரித்து மாட்ட அவருக்கு மதியம் இருக்கிறது. கைவேலையில் தத்துவம் கிடைப்பதற்கு முதல் மூலப்பொருள் ஓய்வுநேரம். அதே வேலை பிழைப்பாகும்போது கவனம் மட்டும் போதாது, அவகாசமும் வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. வால்வின் சின்னச் சத்த மாற்றத்தைக்கூடக் காதால் பிடித்துவிடும் இந்த மனிதருக்கு, பின்சீட்டில் இருக்கும் பையனைக் கேட்கத் தெரியவில்லை. கிறிஸ் வயிற்றுவலி என்கிறான், அழுகிறான், அடம்பிடிக்கிறான். ஆயிரக்கணக்கான மைல் அவன் பார்த்தது அப்பாவின் முதுகை மட்டுமே. கடைசி அத்தியாயத்தில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேல் முதன்முறையாகச் சாலையைப் பார்க்கிறான். அந்த இடம் என்னை உலுக்கியது. 400 பக்கம் தரத்தைப் பற்றிப் பேசியவர், பையனுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்டதே இல்லை.

பொருளிடம் பழகிய கவனம் மனிதர்களிடம் தானாகத் தாவாது. ஹெரிகலே அதற்கு சாட்சி. 'நான்' கரைந்துபோகும் கலையை அத்தனை வருஷம் பயின்றவர், ஊர் திரும்பிய பிறகு நாஜிக் கட்சியில் சேர்ந்தார். வில் அவரைத் தடுக்கவில்லை. வில்லுக்கு அந்த வேலையும் தெரியாது.

பிர்சிக்கின் புத்தகம் இன்றும் நிற்பதற்குக் காரணம், இந்தத் தோல்வியை அது மறைக்காததுதான். அப்பாவின் ஞானத்துக்கு எதிராக மகனின் அழுகையைக் கடைசிவரை பக்கத்திலேயே வைத்திருக்கிறது. அவரைப் பின்பற்றி வந்த புத்தகங்களும் ரீல்ஸும் திருகாணியை எடுத்துக்கொண்டன, கிறிஸ்ஸை விட்டுவிட்டன.

அதனால் பின்னுங்கள், வனையுங்கள், வண்டியைப் பிரித்து மாட்டுங்கள். நாம் நினைத்தது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒரு பொருள் கையில் இருப்பது நல்லது. ஆனால் நீங்கள் கண்டுபிடித்த வாழ்க்கைத் தத்துவத்தைப் பதிவிடுவதற்கு முன்னால், பின்சீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாலை தெரிகிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.