சாய்வு நாற்காலியும் மனச் சட்டகமும்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. அதைப் பற்றிப் பேசுவோரிற் பலர், நாயகர் முஸ்தபாக்கண்ணைச் சோம்பேறி, காமுகர், குடிகெடுத்தவர் என்று தீர்ப்பளித்து ஒதுக்கிவிடுகின்றனர். தீர்ப்பிற் பிழையில்லை, ஆனால் அது போதாது. சவ்தா மன்ஸிலின் பண்டபாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று உண்ணும் ஒருவர், இன்னமும் தம்மைப் பெருங்குடி மகனாக எண்ணிக்கொள்வது எங்ஙனம்?

அமெரிக்க உளநூலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் ‘அறிதல் முரண்’ பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு எண்ணங்கள் உள்ளத்தில் மோதினால் மனிதன் அமைதியிழக்கிறான். அவற்றுள் மாற்றுவதற்கு எளிதானதை மாற்றி நிம்மதி தேடுகிறான் என்பது அவர் கோட்பாடு. விற்ற பொருள் மீளாது. உழைக்கவோ உடம்பு வளையாது. ஆகவே மார்த்தாண்டவர்மாவுக்குத் துணைநின்ற முன்னோரின் பெருமை, வீடு வெறுமையாக ஆக, மேலும் உரத்துப் பேசப்படுகிறது. நமக்கு நகைப்பாகத் தோன்றும் அப்பேச்சு அவருக்கு ஊன்றுகோல்.

அப்படியானால் குலப்பெருமை என்னும் எண்ணமே மனிதனை முடமாக்குகிறதா? கடையநல்லூர்க்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். இத்தறியூரிலிருந்து கடல் கடந்தோர் சிங்கப்பூரில் 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தனர். 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்து, சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். 1982 வரை அது நடந்தது. அங்கும் முன்னோர் பெருமைதான்! ஆனால் அந்தப் பெருமை தன்னை உடையவரிடம் கூலி கேட்டது. முஸ்தபாக்கண்ணின் பெருமையோ எதையும் கேட்பதில்லை. ஓர் எண்ணம் செயலாவதும் சாய்மானமாவதும் இந்த வேற்றுமையினால்தான் என்பது என் கருத்து.

நாவலில் வரும் ‘அதபுப் பிரம்பு’ இன்னும் கூர்மையானது. ‘அதபு’ என்றால் ஒழுக்கம், பண்பு. பெண்களை அடிக்கும் கோலுக்கு அப்பெயரைச் சூட்டியபின், அடிக்கும் கை கூசுவதில்லை, கொடுமை கடமையாகிவிடுகிறது. எண்ணம் நடத்தையை வனைவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மீரான் உளநூல் எதையும் மேற்கோள் காட்டவில்லை. ஒரு பிரம்புக்குள் அதை அடக்கிவிட்டார்.

ஆயினும் ஃபெஸ்டிங்கரைக் கொண்டு முஸ்தபாக்கண்ணை விளங்கிக்கொள்ளும் நாம், அவர்பால் இரங்கத் தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அவர் தேடும் நிம்மதிக்கு விலை கொடுப்பவர் அவரல்லர். அவர் மனைவி மரியம் பீவி.