ஹவில்தார் கேட்ட கேள்வி

பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான். தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிற அந்த ஊருக்குள் பஸ் நுழையும்போதே காதுக்குள் ஏதோ ஒரு பாட்டு தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஆனால், இந்த வாரம் நான் சொல்லப்போவது ராஜாவைப் பற்றி அல்ல. அந்த ஊரில் ஒரு ராத்திரி பார்த்த சினிமாவைப் பற்றி. அதைப் பார்த்துவிட்டு ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் கேட்ட கேள்வியைப் பற்றி.

நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். பந்தி எல்லாம் முடிந்து மொட்டை மாடியில் பாய் விரித்தாகிவிட்டது. நண்பனின் மகன் லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டான். 'வால்கைரி'. 2008-ல் வந்தது. டாம் க்ரூஸ் ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வருவாரே, அதுதான். ஹிட்லரைக் கொல்ல அவர் ராணுவத்துக்குள் இருந்தே திட்டம் போட்ட கர்னல் ஸ்டாஃபன்பெர்க்கின் கதை. 'பட்டாளத்துப் படமா? தள்ளி உக்காரு' என்று நண்பனின் அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் வசனத்தை அவருக்குத் தமிழில் சொல்வது என் வேலையாகிவிட்டது.

நீங்கள் பார்த்திருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்... படம் விறுவிறுப்புதான். முடிவு உலகத்துக்கே தெரியும். ஹிட்லர் 1944 ஜூலை 20-ல் சாகவில்லை. அது தெரிந்தும் நகத்தைக் கடிக்க வைக்கிறார் இயக்குநர் பிரையன் சிங்கர். வலது கை கிடையாது, இடது கையில் மிச்சம் மூன்றே விரல். அந்த மூன்று விரலால் குண்டைத் தயார் பண்ணுகிற காட்சியில் ஹவில்தார் பாயை விட்டு எழுந்தேவிட்டார். மேஜைக்கடியில் குண்டு வெடிக்கிறது. நாலு பேர் சாகிறார்கள். கனத்த மேஜைக்கால் குறுக்கே நின்றதில் ஹிட்லர் தப்பிவிடுகிறார். அன்று நள்ளிரவு தாண்டி ஸ்டாஃபன்பெர்க்கைச் சுட்டுவிடுகிறார்கள்.

படம் முடிந்தது. ஹவில்தார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

'ஏந் தம்பி, இந்தாளு மொதல்ல ஹிட்லரு கூடத்தான இருந்தாரு? எப்ப மாறுனாரு? அதக் காமிக்கவே இல்லயே?'

எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். இந்தப் படத்தின் ஓட்டையில் இவ்வளவு நேராக யாரும் விரலை வைத்ததில்லை.

படம் 1943-ல் டுனீசியா பாலைவனத்தில் ஆரம்பிக்கிறது. அப்போதே அவர் எதிர்ப்பாளராகிவிட்டார். அதற்கு முன்னால்? 1939-ல் ஜெர்மன் படையோடு போலந்துக்குள் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில் போலந்து ஜனங்களையும் யூதர்களையும் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் முகம் சுளிப்பீர்கள். அப்படிப்பட்டவர், 1942-ல் கிழக்கே யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிற சேதி தெரிய வந்ததும், இந்த ஆளை ஒழித்தே ஆகவேண்டும் என்று திரும்புகிறார். அந்தத் திருப்பம்தானே கதை? அதை விட்டுவிட்டு குண்டு, டெலிபிரின்டர், டெலிபோன் என்று ஓடுகிறது படம். நல்லவன் ஒருவன் நல்ல காரியம் செய்தான் என்பதில் என்ன இருக்கிறது!

மனைவி நீனாவுக்கும் சில காட்சிகள்தான். நிஜத்தில் கர்ப்பிணியான அந்த அம்மாளைக் கைது செய்து, பிள்ளைகளைப் பிரித்து, வேறு பெயர் கொடுத்து ஒரு விடுதியில் அடைத்தார்கள். கடைசிப் பெண் 1945 ஜனவரியில் அம்மாவின் காவலிலேயே பிறந்தது. இதில் இல்லாத படமா?

ஒரு வேடிக்கை. இந்தச் சதியை முறியடிக்கிற மேஜர் ரேமராக வருகிற தாமஸ் கிரெச்மன்தான், 2002-ல் வந்த 'த பியானிஸ்ட்'டில் வார்சா இடிபாட்டில் ஒளிந்திருந்த யூத இசைக் கலைஞனுக்குச் சோறு கொடுத்துக் காப்பாற்றிய ஜெர்மன் அதிகாரி ஹோசன்ஃபெல்டு. நிஜ ஹோசன்ஃபெல்டு 1952-ல் சோவியத் சிறையில் செத்தார். அவருக்கும் அந்தப் படத்தில் கடைசிக் கொஞ்ச நேரம்தான்.

'நம்ம ஊர்ல இப்பிடி யாரும் இல்லயா?' என்று ஹவில்தார் கேட்டார். இருந்தார். உங்களைப் போல ஒரு ஹவில்தார்தான் ஐயா, என்று ஆரம்பித்தேன்.

சந்திர சிங் கட்வாலி. இமயமலைப் பக்கம் கட்வாலில் விவசாயக் குடும்பம். 1914-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் பிரான்ஸ், மெசபடோமியா என்று பிரிட்டிஷ் ராஜாவுக்காகச் சண்டை போட்டவர். 1930 ஏப்ரல். பெஷாவரில் கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டைக்காரர்கள் நிராயுதபாணியாகத் தெருவில் திரண்டு நிற்கிறார்கள். எதிரே ராயல் கட்வால் ரைஃபிள்ஸ். கூட்டம் முஸ்லிம், படை இந்து. தயங்காமல் சுடுவார்கள் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. சுடச் சொல்லி கேப்டன் உத்தரவு போடுகிறார். அடுத்த குரல் சந்திர சிங்குடையது: சுடாதே. துப்பாக்கிகள் தாழ்ந்தன.

வேறு படை வந்து சுட்டது. செத்தவர்கள் எத்தனை என்பதில் அரசாங்கக் கணக்குக்கும் காங்கிரஸ் கணக்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மறுத்த சிப்பாய்கள் அறுபதுக்கும் மேல். கோர்ட் மார்ஷல். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை, சொத்து பறிமுதல்.

இனிமேல் வருவதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம். சத்தியாக்கிரகக் கைதிகளுக்கு விடுதலை. ஆனால், உத்தரவை மீறியதற்காகத் தண்டனை பெற்ற சிப்பாய்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் இது பொருந்தாது என்று அதில் தனியாக ஒரு பிரிவு. அதே வருஷம் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தியிடம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் இதைக் கேட்டேவிட்டார். சுட மறுக்கிற சிப்பாய் தான் எடுத்த பிரமாணத்தை மீறுகிறான். நாளைக்கு இதே சிப்பாய்களை வைத்துத்தானே நானும் ஆட்சி நடத்த வேண்டும், அப்போது என் உத்தரவையும் மீறினால் என்னாவது... இதுதான் காந்தி சொன்னதன் சாரம்.

பிரமாணம்! 'வால்கைரி' ஆரம்பிப்பதே அந்த வார்த்தையில்தான். ஜெர்மன் சிப்பாய் ஒவ்வொருவரும் 1934 முதல் ஹிட்லர் பெயரைச் சொல்லி எடுத்த உறுதிமொழி. அதைச் சாக்காகச் சொல்லித்தான் பெரிய பெரிய ஜெனரல்கள் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காந்தியையும் அவர்களையும் ஒரே தராசில் வைக்கிற விஷமம் எனக்கில்லை. ஆனால், அகிம்சையைச் சொல்லிக் கொடுத்தவரே, அகிம்சையைத் துப்பாக்கியோடு கடைப்பிடித்தவனைக் கண்டு பயந்தார் என்பதை எப்படிச் சொல்லாமல் விடுவது?

சந்திர சிங் 1941-ல்தான் வெளியே வந்தார். கோபித்துக்கொண்டு போகவில்லை, காந்தியிடமே போனார். 1942 போராட்டத்தில் மறுபடி ஜெயில். அப்புறம் கம்யூனிஸ்ட் ஆனார், நம் பாவலர் வரதராசன் தேவிகுளம் இடைத்தேர்தல் வரை போய்ப் பாடினாரே, அதே கட்சியில். 'வால்காவிலிருந்து கங்கை வரை' எழுதிய ராகுல சாங்கிருத்யாயன் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1979-ல் காலமானார். 1994-ல் தபால்தலை வந்தது.

டாம் க்ரூஸ் மாதிரி ஒரு பெரிய ஸ்டார் சந்திர சிங்காக நடிக்காததில் எனக்கு வருத்தமில்லை. நடித்தால் கேப்டனைத் தூக்கிப் போட்டு மிதிக்கிற ஒரு சண்டைக் காட்சி வைத்திருப்பார்கள். அவர் செய்தது ஒரு சொல், அவ்வளவுதான். அதை எப்படிப் படமெடுப்பது என்று எந்த ஊர் சினிமாவுக்கும் தெரியவில்லை.

ஹவில்தார் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். 'பெருங்காமநல்லூர்ல சுட்டப்ப இப்பிடி ஒருத்தன் இல்லாமப் போயிட்டானே' என்றார். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். 1920 ஏப்ரல் 3. கைரேகைச் சட்டத்தை எதிர்த்த ஜனங்கள் மீது போலீஸ் சுட்டு 16 பேர் செத்த இடம். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் உண்டு.

'உங்களச் சுடச் சொல்லியிருந்தா?' என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

'ஒரு தடவ கலவரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துனாய்ங்க தம்பி. எந்த ஊருன்னு கேக்காத. எதுத்தாப்புல சின்னப் பயலுக. கால்மணி நேரம். தானாக் கலஞ்சு போயிட்டாய்ங்க.' நிறுத்தினார். 'போகாம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.'

கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம். படுக்கலாம் என்று தலையணையைத் தட்டிப் போட்டேன். ஹவில்தார் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

'பதினாலுல சேந்து முப்பதுல உள்ள போனாருன்னா... பதினாறு வருஷ சர்வீஸு. அவருக்குப் பென்ஷன் குடுத்தாய்ங்களா தம்பி?'