சர்ச்சைக்குரிய செவ்வியல் நாவலும் பள்ளி வகுப்பறையும்: 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' நாவலை உயர்நிலைப் பள்ளியில் பாடமாக வைக்கலாமா என்னும் விவாதம் அமெரிக்காவில் நெடுங்காலமாக நீடிக்கிறது. நாவலை ஏற்போரும் மறுப்போரும் நூலின் தகுதியையே பேசுகின்றனர். வாசிப்பின் சுமையை வகுப்பறையில் யார் தாங்குகிறார் என்பதே முதன்மையான வினா என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மார்க் ட்வைன், முரண்நகை, நூல்நீக்கம், இனஇழிவு, இலக்கியக் கல்வி

முன்னுரை

இந்நாவல் 1885 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. அடுத்த மாதமே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு பொது நூலகம் அதனை விலக்கியது. நூலின் கொச்சை நடையும் கட்டுக்கடங்காத சிறுவனைக் கதைத்தலைவனாக்கியதும் அன்று குற்றங்களாகக் கருதப்பட்டன. 1957இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கான பாடநூற் பட்டியலிலிருந்து இதனை நீக்கியபோது விவாதத்தின் மையம் இனஇழிவாக மாறியிருந்தது. கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல் ஒன்று நாவலில் இருநூறு முறைக்கும் மேலாக இடம்பெறுவதே அதற்குக் காரணம். முதல் எதிர்ப்பு ஒழுக்கக் காவலர்களிடமிருந்து எழுந்தது. இரண்டாவது, காயப்பட்டவர்களிடமிருந்து எழுந்தது. இவ்விரண்டையும் 'தணிக்கை மனப்பான்மை' என ஒரே பெயரால் ஒதுக்குவது ஆய்வு நேர்மையாகாது.

முரண்நகையும் வாசகப் பயிற்சியும்

நாவலின் ஆற்றல் அதன் கதைசொல்லியின் அறியாமையில் உள்ளது. நீராவிப் படகின் விபத்தில் யாருக்கேனும் காயமுண்டா என்று ஸாலி அத்தை வினவும்போது, ஒரு கறுப்பினத்தவர் இறந்ததைக் குறிப்பிட்டு, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை என்னும் பொருளில் ஹக் விடையளிக்கிறான். அவரும் நிம்மதியடைகிறார். ஆசிரியர் அவ்விடத்தில் ஒரு சொல்லும் விளக்கவில்லை. அவ்வாறே, தப்பியோடிய ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்தெறியும் ஹக், தான் பாவம் செய்வதாகவே நம்புகிறான். சமூகம் கற்பித்த மனச்சான்றே பிழையானது என்பதை வாசகரே உணர்ந்துகொள்ள வேண்டும். கதைசொல்லியை ஐயுறக் கற்காத மாணவர் இப்பகுதிகளை நேர்ப்பொருளில் கொள்ளும் இடருண்டு. எனவே 'நாவல் தானே பேசும்' என்னும் வாதம் இந்நூலுக்குப் பொருந்தாது.

ஜிம்மின் இடம்

ஆதரவாளர்கள் நாவலின் குறைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இறுதி அத்தியாயங்களில், ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றுவிட்டதை அறிந்தும் டாம் ஸாயர் அவரை விளையாட்டுப் பொருளாக்குகிறான். ஹக்கும் அதற்கு உடன்படுகிறான். லியோ மார்க்ஸ் 1953இலேயே இம்முடிவைக் கடுமையாக விமர்சித்தார். மூடுபனி இரவில் ஹக்கை மன்னிப்புக் கேட்கவைத்த ஜிம்மின் கண்ணியம் இங்குக் குலைகிறது. டோனி மாரிசன் 1996இல் எழுதிய முன்னுரையில், இளமையில் இந்நூல் தம்முள் எழுப்பிய கலக்கத்தை மறைக்கவில்லை. ஆயினும் அதனைப் பள்ளிகளிலிருந்து அகற்றுவதை அவர் ஏற்கவில்லை. கலக்கத்தையும் ஏற்பையும் ஒருசேரப் பேணிய இந்நிலைப்பாடு கல்வியாளருக்கு வழிகாட்டத் தக்கது.

சொல்லை மாற்றுதல் தீர்வாகுமா?

2011இல் ஆலன் கிரிபன் பதிப்பித்த நூலில் இழிசொல்லுக்கு மாற்றாக 'அடிமை' என்னும் சொல் இடப்பட்டது. நாவலை மீண்டும் வகுப்பறைக்குக் கொணர்வதே அதன் நோக்கம். ஆனால் இவ்விரு சொற்களும் ஒருபொருட் சொற்கள் அல்ல. அடிமை என்பது சட்டநிலை. அது 1865இல் ஒழிந்தது. இழிசொல் அதற்குப் பின்னரும் வாழ்ந்தது. ஓஹியோவிலிருந்து வந்த, வாக்குரிமையுள்ள கறுப்பினப் பேராசிரியரை ஹக்கின் தந்தை குடிவெறியில் ஏசும் பகுதி இதற்குச் சான்று. அப்பேராசிரியர் அடிமை அல்லர் என்பதே அவ்வெறுப்பின் ஊற்று. அங்கு 'அடிமை' என்னும் சொல் ட்வைன் காட்டிய நோயையே மறைத்துவிடும்.

நூலும் சூழலும்

அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் எழுந்த வழக்கு இவ்விவாதத்திற்குத் தெளிவூட்டுகிறது. இந்நாவல் பாடமாக்கப்பட்டபின் பள்ளியில் இனவசவுகள் பெருகியதாகவும், பள்ளி நடவடிக்கை எடுக்கவில்லை எனவும் கறுப்பின மாணவி ஒருவரின் தாய் முறையிட்டார். ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் இரண்டு வினாக்களையும் பிரித்து நோக்கியது. ஒரு நூலைப் பாடமாக்கியதை மட்டுமே காரணமாக்கி வழக்காட இயலாது என்றது. அதேவேளை, இனத் துன்புறுத்தல் பற்றிய முறையீட்டை அறிந்தும் பள்ளி வாளாவிருந்திருப்பின் அது குடியுரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு உரியது என்றது. நூலைக் காக்கும் உரிமை, மாணவரைக் காக்கும் கடமையிலிருந்து பள்ளியை விடுவிப்பதில்லை என்பதே இதன் சாரம்.

முடிவுரை

இந்நாவல் உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் மூலவடிவிலேயே கற்பிக்கத் தக்கது. அதற்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. முரண்நகையை முன்னரே பயிற்றுவித்தல் முதலாவது. இழிசொல்லை வகுப்பில் உரக்கப் படிக்க எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தாமை இரண்டாவது. ஃபிரெடரிக் டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாறு போன்ற, அடிமைப்பட்டோர் தாமே எழுதிய நூலை உடன்வைத்தல் மூன்றாவது. பெர்சிவல் எவரெட் 2024இல் 'ஜேம்ஸ்' நாவலில் ஜிம்மையே கதைசொல்லியாக்கியது இம்மூன்றாம் தேவையைப் படைப்பு வழியில் உறுதிசெய்கிறது. இந்நிபந்தனைகளை நிறைவேற்ற இயலாத பள்ளி, அவ்வியலாமை நீங்கும்வரை நாவலைத் தள்ளிவைப்பது தணிக்கையாகாது.

சாதிப்பெயர் வசையாக இடம்பெறும் தமிழ்ப் புனைகதைகளைக் கற்பிக்கும் நமக்கும் இவ்வினா அந்நியமன்று. அத்தகைய வரி வாசிக்கப்படும்போது தலைகுனியும் மாணவர் யார் என்பதை ஆசிரியர் அறிவார். பாடத்திட்டக் குழுவும் அதனை அறிந்தே நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.