உத்தரமேரூர்க் கல்வெட்டும் பொறுப்புடைமையும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) பண்டைக் குடியாட்சிக்குச் சான்றாகப் பலராலும் போற்றப்பெறுகின்றன. அப்புகழ்ச்சி எத்துணைப் பொருந்தும் என்பதைப் பின்னைய கல்வெட்டைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியராகார். அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியராகார். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தோர்க்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவர் இடையிலேயே நீக்கப்படுவர். குடத்திலிருந்து ஓலை எடுப்பவனோ உள்ளிருப்பது அறியாச் சிறுவன். பொதுப்பொருளைக் கையாள்வோர் தவறக்கூடும் என்னும் ஐயமே இவ்விதிகளை ஆக்கிற்று. அவ்வையமே இவற்றின் சிறப்பு.

ஆயின், அவ்வோலைகளில் யார் பெயர் எழுதப்பட்டது? இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய, 35 முதல் 70 வரை அகவையினர் பெயரே. வேதமும் பாடியமும் வல்லார்க்கு நில அளவு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டது. உழைப்பார்க்கு அத்தளர்ச்சி இல்லை. ஏரி வாரியம் காத்த நீரைக்கொண்டு உழுதோர்க்கும், நாற்று நட்ட பெண்டிர்க்கும் அவ்வாரியத்தில் இடமில்லை. சிலர் தம்முள் கணக்குக் கேட்டனர். ஊரார் அனைவரும் கேட்டிலர்.

1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்டிர்க்கு மூன்றிலொரு பங்கிற்குக் குறையாமலும், பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கட்டொகைக்கு ஏற்பவும் இடம் ஒதுக்கி, அடைபட்டிருந்த அவ்வாயிலைத் திறந்தது.

ஆதலின், இக்கல்வெட்டைக் கணக்குக் கேட்கும் முறைமைக்குத் தொன்மைச் சான்று எனக் கொள்வதே பொருந்தும். கேட்கும் உரிமை ஊரார் அனைவர்க்கும் உரியதாகும்போதே அம்முறைமை நீதியாம் என்பது எம் துணிபு.