எல்லையைச் சொல்லும் படம், பெயரைச் சொல்லும் படம்

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் அடிக்கடி சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டுகிறது. புதுச்சேரியின் மருத்துவமனைகளுக்கு விழுப்புரம், கடலூர்ப் பக்கமிருந்து இந்தக் குறையோடு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது சாதாரண சதை வளர்ச்சிதான். மிகச் சிலருக்கு அது ரத்தக்குழாய்களால் ஆன, புற்றுநோய் அல்லாத கட்டி. பருவ வயதுப் பையன்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமாவும், பெரியவர்களின் சைனஸில் எப்போதாவது தென்படும் ஹெமாஞ்சியோமாவும் இந்த வகை. தலை, கழுத்துக் கட்டிகளில் ஆஞ்சியோஃபைப்ரோமாவின் பங்கு நூற்றுக்கு அரையைத் தாண்டாது. இப்படிப்பட்ட கட்டியில் கைவைக்கும் முன் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்ப்பது இன்றைய வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் படத்திடம் நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்து கேட்கிறோம். கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பது ஒன்று, அது என்ன கட்டி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் படம் தரும் பதிலைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவதற்குத் தரும் பதிலை எல்லாக் கட்டியிலும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது.

படத்தின் வலிமை முழுதாகத் தெரிவது ஆஞ்சியோஃபைப்ரோமாவில்தான். இந்தக் கட்டி ஏறத்தாழ எப்போதும் மூக்கின் பின்கோடியில், ஸ்பீனோபாலடைன் துளையின் அருகே முளைக்கிறது. அங்கிருந்து மேல்தாடை சைனஸுக்குப் பின்னால் இருக்கும் குறுகிய இடுக்கை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. அந்த அழுத்தத்தில் சைனஸின் பின்சுவர் முன்பக்கமாக வளைந்து நிற்பதை ஹோல்மனும் மில்லரும் 1965இல், சி.டி. வருவதற்கு முன்பே, எக்ஸ்ரேயில் சுட்டிக்காட்டினார்கள். எம்.ஆர்.ஐ.யில், வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள் கரும்புள்ளிகளாகவும் கருங்கோடுகளாகவும் விழுகின்றன; கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் கட்டி பளிச்சென்று வெளுக்கிறது. வேறு சில மெதுவான கட்டிகளும் அந்தச் சுவரை வளைக்கக்கூடும் என்பதால் வளைவு மட்டும் போதாது. வயது, பால், இடம், எலும்பின் வளைவு, ரத்த ஓட்டம் ஐந்தும் ஒத்துவந்தால் சதைத் துணுக்கு எடுக்கத் தேவையில்லை. எடுப்பதுதான் ஆபத்து: இதன் குழாய்ச் சுவர்களில் சுருங்கக்கூடிய தசை சரியாக அமைவதில்லை, கிள்ளிய இடத்தில் ரத்தம் எளிதில் நிற்காது. லண்டனில் கிளின் லாய்ட், டேவிட் ஹோவர்ட், பீட்டர் ஃபெல்ப்ஸ், ஆன்டனி சீஸ்மன் ஆகியோர் இருபதாண்டுப் படங்களை ஆராய்ந்து 1999இல் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. அறுவைக்குப் பின் கட்டி திரும்ப வருவதைப் பெரிதும் தீர்மானிப்பது, ஸ்பீனாய்டு எலும்புக்குள் அது எவ்வளவு ஆழம் புகுந்திருந்தது என்பதே. எண்டோஸ்கோப்பின் கண்ணுக்கு எட்டாத அந்த ஆழத்தை முன்கூட்டியே காட்டுவது படம்.

சைனஸ் ஹெமாஞ்சியோமாவுக்கு வரும்போது இந்த உறுதி தளர்கிறது. மூக்கில் வரும் ஹெமாஞ்சியோமாக்களில் பெரும்பாலானவை நடுச்சுவரிலோ டர்பினேட்டிலோ கண்ணுக்குத் தெரியும்படி வளர்பவை. சைனஸின் உள்ளே வருவது மிக அரிது. எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் நன்றாக வெளுத்துத் தெரிவதும், கான்ட்ராஸ்ட் மெல்ல மெல்ல உள்ளே நிரம்புவதும், சி.டி.யில் சிறு உருண்டையாகச் சுண்ணாம்புப் படிவு தென்படுவதும் அதன் அடையாளங்கள். மூன்றும் ஒருசேர எல்லோரிடமும் கிடைப்பதில்லை. சைனஸுக்குள் பழைய ரத்தம் உறைந்து இறுகிப்போனாலும் படம் இதைப் போலவே குழப்பும். கட்டி மெதுவாகப் பெருத்து மெல்லிய எலும்பை அரித்துவிட்டால் புற்றுநோயோ என்ற ஐயம் வரும். அந்த ஐயத்தைத் தீர்ப்பென்று எடுத்துக்கொண்டால், தேவைக்கு மேல் வெட்டும் அறுவைக்கு நோயாளி ஆளாவார். வெறும் சதை வளர்ச்சி என்று தள்ளிவிட்டால், ரத்தம் கொட்டப்போவதை எதிர்பாராமல் அறுவை தொடங்கிவிடும். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே: எல்லையை அளக்க வந்த படத்தைப் பெயர் வைக்கவும் நம்பியது.

இந்தத் தவறு பல நேரம் ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே, பரிந்துரைச் சீட்டில் தொடங்குகிறது. ‘சைனஸ் சி.டி., பிளெய்ன்’ என்று மட்டும் எழுதினால் சளியும், சதை வளர்ச்சியும், ரத்தக்குழாய்க் கட்டியும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் விழும். எலும்பு தெளிவாகத் தெரியும், ரத்த ஓட்டம் தெரியாது. ‘ஒரு பக்க அடைப்பு, ரத்தக்கசிவு, வயது 15, ஆண்’ என்ற ஒரு வரி சேர்ந்தாலே ரேடியாலஜிஸ்ட் கான்ட்ராஸ்ட் கேட்பார், எதைத் தேட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். நம் பக்கத்துக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: குளத்திலோ ஏரியிலோ குளிக்கும் பழக்கம் உண்டா? தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸும் மூக்கில் ரத்தம் கசியும் சதையாகவே வளர்கிறது. முசுக்கொட்டைப் பழம்போல் சிவந்த மேற்பரப்பில் வெண்புள்ளிகள் தெரிவது அதன் அடையாளம். எண்டோஸ்கோப்பின் வழியே கண் எளிதில் பிடித்துவிடும் அந்தப் புள்ளிகளை ஸ்கேன் காட்டாது.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. மூக்கடைப்பு என்று வருகிற எல்லோரையும் கான்ட்ராஸ்ட் சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அனுப்பினால், கூலி வேலை செய்யும் குடும்பம் தாங்காது. சிறுவர்கள் மீது வீணாகக் கதிர் பாயும். நியாயமான கவலை. ஆனால் எல்லோரையும் அனுப்பச் சொல்லவில்லை. இரு பக்கமும் அடைத்து, ரத்தம் வராதவருக்கு இந்தப் பாதை வேண்டாம்; ஒரு பக்க அடைப்பும் ரத்தமும் சேர்ந்தவருக்கே வேண்டும். பயாப்சியைத் தள்ளினால் புற்றுநோய் தப்பிவிடும் என்பது இதைவிடக் கனமான வாதம். பெரியவர்களைப் பொறுத்தவரை அதை நான் முழுதாக ஏற்கிறேன். படம் ரத்தக்குழாய்க் கட்டி என்றே சொன்னாலும் அவர்களுக்குத் திசுப் பரிசோதனை தவிர்க்கக் கூடாதது. ஆனால் அதைப் படம் பார்த்த பிறகு, ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள அறுவை அரங்கில் செய்ய வேண்டும். புறநோயாளி அறையில் கிள்ளிப் பார்க்கக் கூடாது. பையன்களிடமும் ஐந்து அடையாளங்களில் ஒன்று பொருந்தாமல் போனாலோ, எலும்பு வளையாமல் கரைந்திருந்தாலோ இதே வழிதான். ஆஞ்சியோகிராமே எல்லாம் சொல்லிவிடுமே என்பது மூன்றாவது வாதம். அது ரத்தம் ஊட்டும் குழாயைத் துல்லியமாகக் காட்டும். அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு அந்தக் குழாயை அடைத்து ரத்த இழப்பைக் குறைக்கவும் உதவும். ஆனால் அடைக்கச் செலுத்தும் துகள் கண்ணுக்கோ மூளைக்கோ போகும் குழாயில் நுழைந்துவிடும் அபாயம் சிறிதேனும் உண்டு. அது அறுவைக்கான ஏற்பாடு; நோயைக் கண்டறிவதற்காக மட்டும் அதில் இறங்க வேண்டியதில்லை.

ஆகவே வேண்டியது கூடுதல் இயந்திரம் அல்ல, அறிக்கை எழுதும் முறையில் ஒரு மாற்றம். கட்டி எங்கே தொடங்கி எந்த எலும்பை, எந்த இடுக்கைத் தொட்டிருக்கிறது என்பது ஒரு பத்தியாகவும், அது என்னவாக இருக்கலாம், அந்த ஊகம் எவ்வளவு உறுதி என்பது வேறொரு பத்தியாகவும் வர வேண்டும். திசுப் பரிசோதனையின் முடிவு வந்ததும் அது படம் படித்த ரேடியாலஜிஸ்டின் மேசைக்குத் திரும்ப வேண்டும். அரிய நோயில் கண் தேர்வது அப்படித்தான். பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத் தன் வேராகச் சொல்லும் ஜிப்மர் இருக்கிறது, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் சுற்றிலும் உள்ளன. இத்தனை சிறிய பரப்பில் இத்தனை நிறுவனங்கள் இருக்கும் புதுச்சேரியில், ஒவ்வொன்றுக்கும் எப்போதோ ஒன்றாக வரும் இந்தக் கட்டிகளின் படத்தையும் திசு முடிவையும் ஒரே பொதுப் பதிவேட்டில் சேர்த்து வைக்கலாம். அப்போது படம் எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை வெளியூர்க் கட்டுரைகளைக் கொண்டு மட்டுமல்லாமல், நம் நோயாளிகளைக் கொண்டும் அறிய முடியும்.