ஜகாட்: கேங்குக்கு முன்னால் ஒரு பையன்

'ஜஹாட்' என்றால் மலாயில் கெட்ட, பொல்லாத என்று அர்த்தம். நம் தோட்டத்துத் தமிழில் அது 'ஜகாட்' ஆகிவிட்டது. "ரொம்ப ஜகாட்டா இருக்கான் உன் மவன்" என்று ஒரு அம்மா பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னால் அதில் பாதி கோபம், பாதி செல்லம். அதையே பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் சொன்னால் செல்லம் போய்விடும். போலீஸ்காரர் சொன்னால் அது ஒரு ஃபைல். சஞ்சய் குமார் பெருமாள் தன் முதல் முழுநீளப் படத்துக்கு இந்தச் சொல்லைப் பெயராக வைத்தபோது, ஒரு பையன் எப்படி முதல் அர்த்தத்திலிருந்து மூன்றாவது அர்த்தத்துக்குப் போய்ச் சேர்கிறான் என்பதைத்தான் எடுக்கப்போகிறார் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்.

'ஜகாட்' 2015 டிசம்பர் 17 அன்று திரைக்கு வந்தது. அதே நாளில்தான் புதிய 'ஸ்டார் வார்ஸ்' படமும் வந்தது. நட்சத்திரமோ பெரிய விளம்பரமோ இல்லாத ஒரு உள்ளூர்த் தமிழ்ப் படம் அந்த வாரத்தைத் தாண்டியதே பெரிய விஷயம். பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொல்லித்தான் அது ஓடியது. பத்து வருஷம் கழித்து இப்போது ஏன் அதைப் பற்றி எழுத வேண்டும்? அதற்குப் பிறகு குறைந்த செலவில் எத்தனையோ மலேசியத் தமிழ்க் குற்றப் படங்கள், குறும்படங்கள், டெலிமூவிகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை 'ஜகாட்'டிலிருந்து கேங்கை எடுத்துக்கொண்டன. பையனை விட்டுவிட்டன.

கதை 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து புறம்போக்கு நிலத்தில் ஒண்டியிருக்கும் குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய். அப்பா மணியம் கூலிவேலை செய்து, பையன் படித்தால் போதும் என்று பிடிவாதமாக நிற்பவர். ஒரு சித்தப்பா பாலா, போதைப்பழக்கத்திலிருந்து எழுந்து வரப் பார்ப்பவர். இன்னொரு சித்தப்பா துரை, ஊரில் 'மெக்சிகோ', கேங்கில் இருப்பவர். மூன்று ஆண்கள் மூன்று வழிகளாகப் பையன் முன் நிற்கிறார்கள். கேமரா பெரும்பாலும் பையனின் பக்கம்தான் நிற்கிறது. அதனால் கேங் என்பது நமக்கும் முதலில் குற்றமாகத் தெரிவதில்லை. நல்ல சட்டை, பாக்கெட்டில் காசு, நாலு பேர் எழுந்து நின்று கொடுக்கும் மரியாதை, இவ்வளவாகத்தான் தெரிகிறது. வீட்டில் கிடைப்பது அடி. பள்ளியில் கிடைப்பதும் அடி. பையனிடம் இருக்கும் கற்பனைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரண்டு இடத்திலும் யாருக்கும் தெரியவில்லை. அவனைப் பார்த்து "நீ கெட்டிக்காரன்டா" என்று சொல்லக்கூடிய ஆள் தப்பான இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

படம் அப்பாவை வில்லனாக ஆக்கவில்லை. அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. மணியம் அடிப்பதைப் பார்க்கும்போது கோபம் வரும். அந்த மனிதர் பயத்தில்தான் அடிக்கிறார் என்பது கொஞ்சம் தாமதமாகப் புரியும். தம்பிகள் இரண்டு பேரையும் பார்த்தவருக்கு மூன்றாவதாக யாரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயம் அது. முடிவைச் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தக் கதை எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். ஆனால் மலாக்காவில் இருந்துகொண்டு பார்க்கும்போது அதற்கு இன்னொரு கனம் இருக்கிறது. இந்த நாட்டில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் வேர்விட்டது இங்கேதான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரிவுபடுத்தினார். ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் தோட்டங்கள் பரவின. தோட்டம் என்பது சம்பளம் மட்டுமில்லை. லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, பந்து விளையாடும் திடல், கள்ளுக்கடை எல்லாமே அந்த வேலையோடு ஒட்டி வந்தவை. வீடு தொழிலாளியுடையது இல்லை, தோட்டத்துடையது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது ஆள் தேவை குறைந்தது. நிலத்தை விற்றுத் தாமானும் தொழிற்பேட்டையும் கட்டியபோது ஆளே தேவையில்லாமல் போனது. வேலை போன அன்றைக்கே வீடும் போனது. 1980களிலும் 90களிலும் நாடு முழுக்க நடந்தது இது.

லயத்தில் ஒரு பையன் தப்பு செய்தால் மண்டோருக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும், நாலு வீடு தள்ளி இருக்கும் பாட்டிக்கும் தெரியும். புறம்போக்கிலோ மலிவு விலை அடுக்குமாடியிலோ அப்படி இல்லை. அங்கே அவனுக்குப் பெயர் கொடுக்க, வேலை கொடுக்க, அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஒரு கூட்டம் தேவைப்பட்டது. கேங் அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்தது. 'ஜகாட்' இதை வசனமாகச் சொல்வதில்லை. வீடுகளை, பாதைகளை, வேலையில்லாத மத்தியானங்களைக் காட்டுகிறது. 2002இல் வந்த பிரேசில் படமான 'சிட்டி ஆஃப் காட்' இதே வகையான இடத்தில்தான் நடக்கிறது. ரியோ நகரத்துக் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக 1960களில் கட்டப்பட்ட குடியிருப்பு அது. அந்தப் படம் பிரமாதம்தான். ஆனால் அதன் வேகமே வன்முறையை ஒரு திருவிழாவாக்கிவிடுகிறது. பார்த்து முடித்ததும் ஒரு கிறுகிறுப்பு இருக்கும். 'ஜகாட்' முடிந்ததும் அது இருக்காது. ஒரு பையனை ரோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தமாதிரி இருக்கும்.

இப்போது 'கபாலி'யைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'ஜகாட்' வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்புதான், 2015 கடைசியில், ரஜினி படப்பிடிப்புக்காக மலாக்கா வந்தார். ஊரே போய் நின்றது. அடுத்த வருஷம் ஜூலையில் படம் வந்தது. பா. ரஞ்சித் தோட்டத் தொழிலாளிகளின் சம்பளப் போராட்டத்தை ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்துக்குள் கொண்டுவந்தார், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோட்டு சூட்டு போட்டு நம் ஆள் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்காருவதைப் பார்த்து விசிலடித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்து மலேசியத் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னைத் தமிழ் பேசுகிறார்கள். கபாலி கேங்குக்குள் வரும்போதே பெரிய மனிதராக ஆகிவிட்டார். அவருக்குக் கீழே காரோட்டி, பார்சல் தூக்கி, முதலில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிற பதினெட்டு வயதுப் பையன்களைப் படம் நின்று பார்ப்பதில்லை.

இன்னொன்று. மலேசியாவில் திரையிட்ட பிரதியில், கடைசியில் கபாலி போலீஸில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்தில் போட்டார்கள். தியேட்டரில் சிரித்தவர்கள் உண்டு. இங்கே குற்றப் படம் எடுக்கிற யாருக்கும் அந்த ஒரு வரி ஒரு பாடம்தான். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும், அதற்குக் கதை தயாராக இல்லாவிட்டாலும் எழுத்தாவது போட வேண்டும். தமிழ்நாட்டிலும் நிலைமை ரொம்ப வித்தியாசம் இல்லை, 2011இல் 'ஆரண்ய காண்டம்' படத்துக்கு 52 வெட்டுகள் கேட்டது தணிக்கை. அப்படியொரு சூழலில் பையனை நடுவில் வைத்தது சஞ்சயின் சாமர்த்தியம் என்றும் சொல்லலாம். யார் குற்றவாளி என்று சுட்ட முடியாத இடத்திலேயே அவர் கதையை நிறுத்தி வைக்கிறார். தணிக்கைக்காக யோசித்தாரா என்பது வேறு விஷயம், பலன் அப்படி அமைந்திருக்கிறது.

குறைந்த செலவில் படம் எடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் ஏன் குற்றக் கதைக்கே போகிறார்கள்? கணக்குப் போட்டால் தெரியும். ஒரு வீடு, ஒரு பழைய கார், நாலு நண்பர்கள், ஒரு பை நிறையப் பணம், இரவு. செட்டு வேண்டாம், டூயட் வேண்டாம். 2008இல் கேனான் 5டி மார்க் 2 மாதிரி புகைப்படக் கேமராவிலேயே நல்ல தரத்தில் வீடியோ எடுக்க முடிந்ததும் கையில் கொஞ்சம் காசு சேர்த்த பசங்களாலும் இரவுக் காட்சி எடுக்க முடிந்தது. தமிழ்நாட்டில் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகியவர்கள்தான் அடுத்த சில வருஷத்தில் 'பீட்சா', 'சூது கவ்வும்' என்று வந்தார்கள். அங்கே அதைத் தாங்க ஒரு சந்தை இருந்தது. இங்கே நாம் மக்கள்தொகையில் ஏழு சதவீதத்துக்கும் கீழே. அதிலும் தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் எத்தனை பேர்? அந்த டிக்கெட்டின் விலை சென்னையிலிருந்து வரும் நூறு கோடிப் படத்துக்கும் அதேதான். அதனால் நம் இயக்குநர்கள் சென்னையின் 'கெத்'தைக் கடன் வாங்குகிறார்கள். அந்தப் படங்களின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லோ மோஷனில் இறங்கும் கூட்டம், செம்பனைக்கு மேலே டிரோன், நியூஸ் பேப்பரில் சுற்றிய பாராங், பின்னால் ராப். உள்ளூர் ராப் எனக்கும் பிடிக்கும், அது வேறு. ஆனால் கேமரா அண்ணனின் ஷூவுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டால் தம்பி எங்கே நிற்கிறான் என்று அதற்குத் தெரியாது.

காசில்லாமை 'ஜகாட்'டுக்கும் இருந்தது. அந்தப் படம் தன்னிடம் இல்லாததைப் போல நடிக்கவில்லை. பெரிய சண்டை எடுக்கக் காசில்லை என்றால் சண்டைக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது என்று பார்த்தது.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒரு அண்ணன், தோட்டத்தில் பிறந்தவர், இந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். "தம்பி, ஏற்கனவே நம்மள குண்டருங்கன்னுதான் சொல்றானுங்க. நாமளே படம் எடுத்துக் காட்டணுமா?" என்று கேட்டார். கேள்வி லேசானதில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்கள், அதில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது. அதற்குப் பிறகு வாடகை வீடு தேடிப் போன எத்தனை பேர் அந்த எண்ணிக்கையைத் தங்கள் முகத்தில் ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்று அந்த அண்ணனுக்குத் தெரியும். பட்டியலில் கும்பல்களின் எண்கள் இருந்தன. லயத்து வீட்டை எப்போது காலி செய்யச் சொன்னார்கள் என்ற தேதி அதில் இல்லை. கெத்துப் படங்கள் அந்தப் பட்டியலுக்கு இசையமைக்கின்றன என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். 'ஜகாட்' செய்வது வேறு வேலை. பட்டியலில் ஒரு எண்ணாக ஆவதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் அந்த ஆளுக்கு ஒரு பெயர், ஒரு அப்பா, ஒரு பள்ளிப்பை இருந்தது என்று காட்டுகிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். இன்னும் பார்க்கவில்லை.

2016இல் 28வது மலேசியத் திரைப்பட விழாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சிறந்த படத்துக்கான பிரிவு மலாய்ப் படங்களுக்கு மட்டும், 'ஜகாட்', 'ஓலா போலா' போன்றவை மலாய் அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் என்று பிரித்தார்கள். அதை எதிர்த்து ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தான் முன்பு வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். அஃப்ட்லின் ஷௌக்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். கடைசியில் மொழி பார்க்காமல் ஒரு பிரிவு வைத்தார்கள், சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' தேர்வானது. தோட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்களைப் பற்றிய படம், விருதுக்கும் ஒரு புறம்போக்கில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. விருது கிடைத்தும் சஞ்சயின் அடுத்த படமான 'மச்சாய்' வர 2024 ஆனது. இடையில் போன வருஷங்களை எந்தப் பரிசுப் பலகை ஈடுகட்டும்?

எனக்கு 'ஜகாட்' மீது ஒரு குறை உண்டு. பெண்கள். அப்போயின் உலகத்தை ஆண்களே நிரப்பியிருக்கிறார்கள். அம்மா இருக்கிறார், ஆனால் அவருக்கென்று ஒரு மத்தியானம் படத்தில் இல்லை. தோட்டம் உடைந்தபோது நடந்த இன்னொரு பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. பத்து பெரெண்டாமிலும் ஆயர் குரோவிலும் வந்த மின்னணுத் தொழிற்சாலைகள் முதலில் தேடியது அக்காமார்களைத்தான். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்து எடுத்துப்போகும், ஓவர்டைம் முடிந்து இருட்டில் கொண்டுவந்து விடும். தம்பி லோரியில் கிளீனராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது வீட்டு வாடகையைக் கட்டியது அந்தச் சம்பளம். கேங்கில் மாட்டிய தம்பிக்கு ஜாமீன் கட்டியதும் பல வீடுகளில் அதுதான். நம் குற்றப் படங்களில் அந்த அக்கா சாப்பாடு போட வருவார், அழ வருவார், போய்விடுவார்.

தோட்டத்துப் பெண்ணின் பக்கம் கேமரா வைத்த படம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை', 1960களின் தோட்டத்தில் படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. அதுவும் குறைந்த செலவில் எடுத்த படம், குற்றம் ஒன்றும் அதில் நடக்காது. அந்தப் பெண்ணும் அப்போயும் ஒரே லயத்துப் பிள்ளைகள்தான், ஒரு தலைமுறை இடைவெளி மட்டும். நான் பார்த்த படங்களில் அவர்கள் இன்னும் சந்தித்துக்கொள்ளவில்லை.